ஐந்து பிரதிகளும் ஓர் அசலும்

பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை ஒரு கடதாசியில் எழுதுவதற்காக அன்று நான் வீட்டின் எல்லா யன்னல்களையும் சாத்தினேன். முன்கதவைப் பூட்டினேன். குசினிக்குள் வந்து அந்தக் கதவையும் சாத்திக் கொண்டியிட்டேன். சித்திரை மாதம். விசுவமடுவில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே யன்னலைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள் என்றால், ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு வரவேண்டும். எனக்குக் காசு வரவிருந்தது.

நான் படம் கீறுகிறவள். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து கீறுகிறேன். ஊரில் அதற்குப் பெயர் "சும்மா இருக்கிறா". பழைய தொடுதிரை ரப்லெட் ஒன்றை வாங்கி அதில் கீறத் தொடங்கிய பிறகு "போனோட இருக்கிறா" என்று ஆனது. அந்த ரப்லெட்டில்தான் நாலு மாதமாக ஒரு வெளிநாட்டுக்காரிக்குப் பறவைகள் கீறிக் கொடுத்தேன். அவள் பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்கிறாள். அதில் பறக்க எங்கள் குளத்து நாரையும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் வேண்டுமாம். நாற்பது பறவைகள். கூலி, எங்கள் வயலின் ஒரு போகத்து நெல்லுக்கு வரும் காசு. என் கையால் கீறியதற்கு என் பெயருக்கு வரும் முதல் காசு அது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவள் எல்லோருக்கும் கிரிப்டோவில்தான் கொடுப்பாளாம். வங்கிக் கணக்கு வேண்டாம், ஒரு வாலட் திறந்து அதன் முகவரியை அனுப்பு என்றாள்.

வாலட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. "ஓம், பிரச்சினையில்லை" என்று உடனே பதில் போட்டேன். அதுதான் என் சுபாவம்.

பிறகு பத்து நாள் இணையத்தில் வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். இந்த வாலட்டுக்கு மனேஜர் இல்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று போய் அழுவதற்கு ஒரு கவுண்டர் இல்லை. திறக்கும்போது அது பன்னிரண்டு சொற்களைத் தரும். அந்தச் சொற்கள்தான் எல்லாம். போன் கிணற்றுக்குள் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் வேறு போனில் காசை எடுக்கலாம். சொற்கள் வேறொருவன் கையில் கிடைத்தால் அவனும் எடுக்கலாம், உலகத்தின் எந்த மூலையில் இருந்தும். ஆகவே அதைப் படம் பிடிக்காதே, போனில் சேமிக்காதே, யாருக்கும் அனுப்பாதே, கையால் கடதாசியில் எழுதி ஒளித்து வை. யார் கேட்டாலும் சொல்லாதே. கேட்கிறவன் கள்ளன்தான்.

அதனால்தான் குசினிக்குள் அந்தக் கொண்டி. செயலியை யாரும் அனுப்பிய இணைப்பால் எடுக்காமல் நேரடியாக அதற்குரிய இடத்திலேயே தேடி, பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத்தான் இறக்கியிருந்தேன். கடவு எண்ணுக்கு என் பிறந்த ஆண்டைப் போட விரல் போனது, விரலை நானே தட்டி விட்டேன். பன்னிரண்டு சொற்களும் திரையில் வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் ஏதோ மந்திரம் போல எதிர்பார்த்திருந்தேன். வந்தது பூசணிக்காய். அடுத்தது ஆடு. அதற்கடுத்தது மாமா. பிறகு குடை, மாம்பழம். "பம்ப்கின், கோட், அங்கிள், அம்பிரெல்லா" என்று வியர்வை சொட்டச் சொட்ட முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். பூசணிக்காயையும் மாமாவையும் நம்பி ஒரு போகத்துக் காசு.

அதோடு விடவில்லை. சொற்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்காக அவள் அனுப்பிய ஒரு சிறு துளிக் காசு வாலட்டில் வந்து விழுந்ததும், செயலியை முழுதாக அழித்தேன். திரை வெறுமையானபோது கடதாசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மீண்டும் இறக்கி, கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக அடித்தேன். பன்னிரண்டாவது சொல்லை அடித்து முடித்ததும் அந்தத் துளி அப்படியே திரும்பி வந்தது. நான் குசினிக்குள் ஆடினேன். ஆம், ஆடினேன். அகப்பையும் கையுமாக.

கடதாசியை அலுமாரியில் என் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வவுனியாவில் என் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. சிறுபோக விதைப்பு நேரம் என்பதால் என் கணவர் வரவில்லை. பேருந்துக்கு என்னை ஏற்றிவிட வந்தவரிடம், பேருந்து கண்ணில் தெரிந்த பிறகுதான் சொன்னேன்.

"அலுமாரியிலை என்ர கூறைக்குள்ள ஒரு கடதாசி இருக்கு. அது துலைஞ்சால் நாலு மாசம் கீறினது எல்லாம் போச்சு. கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

"என்ன கடதாசி?"

"வந்து சொல்லுறன்."

பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன். ஒருவருக்கும் காட்டாதீர்கள் என்ற மற்றப் பாதியைச் சொல்லவில்லை. நேரமில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மை அதுவல்ல. பத்து நாள் படித்து நான் தனியாகக் கண்டுபிடித்த ஒன்று என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்ற கர்வம். அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். அன்று பின்னேரம் நாலு மணிக்கு முழுக் காசையும் அனுப்புகிறேன் என்று அவள் எழுதியிருந்தாள். சேலை கூட மாற்றாமல் அலுமாரியைத் திறந்தேன். கூறைக்குள் கடதாசி இல்லை.

"பயப்பிடாதையும்," என்றார் என் கணவர் பின்னால் நின்று. முகத்தில் அப்படியொரு பெருமை. "அதெல்லாம் வடிவாச் செய்திட்டன்."

அவர் எடுத்துக் காட்டியது எங்கள் வீட்டுப் பத்திரங்களெல்லாம் இருக்கும் நீலப் பை. அதற்குள் என் கடதாசி. லமினேற் செய்யப்பட்டு, கண்ணாடி போலப் பளபளத்தது. அதற்குக் கீழே அதன் போட்டோக் கொப்பி ஒன்று, அதுவும் லமினேற் செய்யப்பட்டு. கொப்பியின் அடியில் ஊதா நிறத்தில் முத்திரை. 'உண்மைப் பிரதி' என்று எழுதி, பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவானின் கையெழுத்து.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

"எத்தினை கொப்பி எடுத்தனீங்கள்?"

"வழமையா எடுக்கிறதுதான். அஞ்சு."

இந்த மனிதரை நான் இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஊரில் எல்லோரும்தான் பத்திரங்களைப் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவர் அவர்கள் எல்லோரையும் தாண்டியவர். இவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனையும் ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியும் இருக்கும். தண்ணீர்ப் பம்பி வாங்கினால் அதன் உத்தரவாதச் சீட்டுக்கும் ஐந்து பிரதி எடுப்பார். வீட்டில் ஒன்று, உடம்போடு ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று, அத்தாட்சிப்படுத்தியவரிடம் ஒன்று, கடற்கரைப் பக்கத்துக் கூட்டாளியிடம் ஒன்று. இங்கே வெள்ளம் வந்தால் அங்கே இருக்கும், அங்கே புயல் வந்தால் இங்கே இருக்கும் என்பது அவருடைய கணக்கு. நான் இதைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்திருக்கிறேன்.

அன்று சிரிப்பு வரவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, ஆனால் முற்றத்தில் நின்ற கோழி வேலிக்கு மேலால் பறந்தது நினைவிருக்கிறது. அந்தச் சொற்களை வாசிக்கிறவன் எவனும் என் காசை எடுக்கலாம் என்று விளங்கியதும் அவர் முகம் சிறுத்துப் போனது. பர்ஸைத் திறந்து, உடம்போடு வைத்திருந்த பிரதியை எடுத்து என் கையில் தந்தார்.

"நாலு மணிக்குத்தானே வருது? இன்னும் ஆறு மணித்தியாலம் இருக்கு. ஏறும் சைக்கிள்ல."

அவர் சைக்கிள் என்றது மோட்டார் சைக்கிளை. நான் வவுனியாச் சேலையோடு ஏறி உட்கார்ந்தேன். சொற்களை மாற்ற முடியாது என்று அந்த வீடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அடையாள அட்டை இலக்கம் போல இது ஆளுக்கொன்று, சாகும்வரை இதுதான் என்று நான் விளங்கியிருந்தேன். முதல் காசையே தள்ளிப்போடு என்று அவளுக்கு எழுத மனம் வரவில்லை. ஆகவே பிரதிகளைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் போட்டோக் கொப்பிக் கடை. கொப்பி எடுத்த இடத்தில் ஏதும் மிச்சம் கிடக்கலாம் என்ற யோசனை என்னுடையது. கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்பே கண்டுவிட்டேன். கண்ணாடிக் கதவில், தெருவைப் பார்த்தபடி, நடு நெற்றியில் ஒட்டினாற்போல என் பன்னிரண்டு சொற்கள். மூலை சுருங்கிப்போன லமினேற். அதற்கு மேலே 'இங்கு லமினேற் செய்து தரப்படும்' என்ற எழுத்து.

"அது ஒண்டு பிழைச்சுப் போச்சு அக்கா," என்றாள் கடைப் பெண். "எறியிறதுக்கு மனம் வரேல்லை. சாம்பிளுக்குப் போட்டிட்டன். ஆரும் இங்கிலிசு வகுப்புக்குப் பாடமாக்குறதோ எண்டு கேட்டவை."

"எத்தினை நாளாத் தொங்குது?"

"முந்தநாள் தொடக்கம்."

என் கணவர் வெளியே திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. எனக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது. அடுத்த நொடி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டி போட்ட குசினி, அழித்துத் திரும்பப் போட்ட செயலி, என் பிறந்த ஆண்டு கூட வேண்டாம் என்ற ஜாக்கிரதை. எல்லாம் முடிந்து, சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் வாசித்துக்கொண்டு போக, கடைக் கண்ணாடியில் பூசணிக்காய். கிழித்தெடுத்துக்கொண்டு ஓடினோம்.

சமாதான நீதவான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கதிரைகளில் காத்திருந்தார்கள். என் கணவரைக் கண்டதும் அதிபர் மலர்ந்தார்.

"வாங்கோ தம்பி. இப்ப என்ன பத்திரம்?"

"போன முறை தந்த கொப்பி திருப்பி வேணும் சேர்."

"ஓ, அந்தச் சொல்லட்டவணை. நல்லா ஞாபகம். அசலோட ஒத்துப் பாக்காமல் நான் கையெழுத்துப் போடுறேல்லை. ஒரு சொல் விடாமல் வாசிச்சுப் பாத்துத்தான் போட்டனான்."

"வாசிச்சோ? மனதுக்குள்ளையோ சேர்?" என்று கேட்டேன்.

"மனதுக்குள்ள வாசிச்சால் பிழை விடும் பிள்ளை. சத்தமாத்தான்."

காத்திருந்தவர்களில் ஒருவர், "ஓம், அண்டைக்கும் நான் இருந்தனான். அங்கிள், அம்பிரெல்லா" என்று எனக்கு உறுதிப்படுத்தினார்.

கொப்பியைத் திருப்பித் தர அதிபருக்கு மனமிருந்தது. ஆனால் அவர் கட்டி வைத்திருக்கும் கோவையில் இருந்து ஒரு பத்திரம் வெளியே போவதென்றால் எழுத்தில் கோரிக்கை வேண்டும். நான் அவர் வீட்டு மேசையடியில் உட்கார்ந்து, 'மேற்படி சொற்கள் எனது சொந்தத் தேவைக்கானவை என்பதாலும்' என்று ஒரு கடிதம் எழுதினேன். அவர் வாசித்து, ஒரு இடத்தில் கமா போடச் சொன்னார். போட்டேன். வெளியே வந்தபோது பன்னிரண்டரை.

தர்மபுரத்தில் மச்சாள் வீடு. என் கணவரின் அக்கா. இவருடைய அப்பா அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். இவர் இங்கே பிறந்ததால் எங்கள் பேச்சே பேசுவார். மச்சாள் கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவர், வீட்டுப் பேச்சை விடவேயில்லை.

"இந்த வெயில்ல பட்டுச் சேலையோட எங்க கெளம்பிட்டீங்க புள்ள?"

"மச்சாள், இவர் குடுத்த கடதாசி..."

"அதெல்லாம் பொட்டியில பத்திரமா இருக்கு. மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், ஏனென்றால் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. பிறகு மச்சாள் கட்டிலுக்குக் கீழிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். மேலேயே இருந்தது என் பூசணிக்காய். அதை எடுத்த கையோடு கீழே இருந்ததையும் பார்த்துவிட்டேன்.

என் பிறப்புச் சான்றிதழ். பிரதி, ஊதா முத்திரையோடு. அதற்குக் கீழே என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. எங்கள் கல்யாணப் பதிவு. என் கண் வைத்தியத் துண்டு கூட. அவர்களுடைய அப்பாவின் பழைய விண்ணப்பங்கள் இருந்த அதே உறைக்குள், அவற்றோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டு.

"இதெல்லாம் எப்ப கொண்டந்தவர்?" என்று கேட்டேன்.

"நீ இந்த வீட்டுக்கு மருமகளா வந்த மாசமே," என்றார் மச்சாள். "எங்க அப்பாகிட்ட ஒரே ஒரு துண்டு இருந்துச்சு புள்ள, அவரு இந்த நாட்டுல பொறந்தாருன்னு சொல்ல. இங்க வந்து குடிசை போட்ட மொத மழையில அது ஊறி மாவாப் போச்சு. அப்புறம் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் ஒரே கேள்விதான், அசல் எங்க? அசல் எங்க? காணித் துண்டு கெடைக்கல, அடையாள அட்டை கெடைக்கல. இவன் சின்னதுல அவரு கையப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கந்தோரு வாசலாப் போய் நின்னவன். அதான் இவனுக்கு இந்தக் கிறுக்கு."

மச்சாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கணவர் வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்துப் பதினெட்டு வருடம். அந்தக் கிறுக்கைச் சொல்லி நான் சிரித்த வீடுகளை எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது. காலையில் கத்தியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், வழமையாக சீற்றுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிப்பேன்.

கடைசிப் பிரதி நாயாற்றில். அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கே கடற்தொழில் செய்கிறார். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு தாண்டி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். காற்றுக்கு என் சேலை விரிந்து பின்னால் பறந்தது. சந்திகளில் நின்றவர்கள் கலியாணப் பொம்பிளை தப்பி ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இன்னும் ஒன்றுதான், இன்னும் ஒன்றுதான் என்று நான் பின்னால் இருந்து கத்த, அவர் முன்னால் ஹோர்ன் அடித்தார். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், ஒரு பூசணிக்காயை விரட்டி.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நாயாறு. கூட்டாளியின் மனைவி கரைக் குடிசையான வாடிக்கு வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானே கடலுக்கு இறங்கினவர்," என்றார். "வலை படுத்திட்டு விடியத்தான் வருவார். அந்தா, நீலப் படகு."

"அந்தக் கடதாசி எங்க வைச்சிருக்கிறார் எண்டு தெரியுமோ அக்கா?"

"தெரியாமல் என்ன? படகுப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் ஒரு வாயகண்ட போத்தலுக்குள்ள போட்டுக்கொண்டு போறவர். முக்கியமானது எண்டு சொன்னதால அதுக்குள்ளதான் வைச்சவர். கவிழ்ந்தாலும் போத்தல் மிதக்கும்."

நானும் என் கணவரும் கரையில் நின்று கையை அசைத்தோம். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து வீசினேன். தூரத்தில் நீலப் படகில் ஒரு ஆள் எழும்பி நின்று, மிகவும் சந்தோசமாக, இரண்டு கைகளாலும் எங்களுக்குக் கைகாட்டினார். பிறகு உட்கார்ந்து எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்.

"கடற்படை மறிச்சுப் பாத்தால்?" என்றேன்.

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். "பம்ப்கின், கோட், அங்கிள். முத்திரையும் இருக்கு. மனிசன் பாவம், என்னெண்டு விளங்கப்படுத்தப் போறாரோ."

அங்கேயே மணலில் குந்திச் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணால் நீர் வந்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. நாலு மாதம். நாற்பது பறவை. ஒவ்வொரு நாரையின் காலுக்கும் இரண்டு நாள். அவர் பக்கத்தில் இருந்து, "என்ர பிழை" என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன், இன்றைக்கு அனுப்பாதே என்று அவளுக்கு எழுத. கை பழக்கத்தில் வாலட்டைத் திறந்துவிட்டது. என் வாலட்டின் பெயர், அதற்குள் அந்தப் பரீட்சைத் துளி, அதற்குக் கீழே ஒரு வரி. 'புதிய வாலட் உருவாக்கு.'

அந்த வரியை வாலட் திறந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால் அவர்களுக்காக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது முதல் முறையாக அதை எனக்கென்று வாசித்தேன். சொற்களை மாற்ற முடியாது, சரி. பழைய வாலட்டையே விட்டுவிட்டுப் போகலாமே! புதிதாக ஒன்றைத் திறந்தால் புதிய பன்னிரண்டு சொற்கள். முகவரியும் புதிது. பழைய சொற்களைக் கடைக் கண்ணாடியில் என்ன, முல்லைத்தீவுச் சந்தியில் பலகை போட்டு எழுதினாலும் அந்தத் துளியைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

"இஞ்சாருங்கோ," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நாங்கள் காலமை வீட்டிலையே இருந்திருக்கலாம்."

விளங்கப்படுத்தியதும் அவர் மணலில் மல்லாந்து படுத்துவிட்டார்.

மூன்று மணி நாற்பது. கவிழ்த்துப் போட்டிருந்த படகொன்றின் நிழலுக்குள் புகுந்தேன். அவர் பேனையையும் குறிப்புக் கொப்பியையும் தந்துவிட்டு, கேட்காமலே எனக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். கைகளை அகல விரித்து, ஆடு மறிக்கிற மாதிரி. ஒரு நாய் வந்தது, அதையும் கலைத்தார். ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து, புதிய சொற்களை எழுதினேன். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. பூசணிக்காய் இல்லை என்று மட்டும் சொல்லலாம். இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன், மனதுக்குள்.

கரையில் சிக்னல் இல்லை. பாலத்துக்கு மேல்தான் வரும் என்றார் வலை பொத்திய அக்கா. பாலத்துக்கு ஓடினோம். நடுப்பாலத்தில் இரண்டு கோடு வந்தது. புதிய முகவரியை அனுப்பி, பழையதற்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதி, வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று சந்தேகப்படுவாளோ என்று குரலிலும் சொல்லி அனுப்பினேன். நல்லவேளை குரலில் சொன்னாய், புதியதற்கே அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. நாலு மணி தாண்டி ஏழு நிமிடத்தில் போன் ஒரு சின்ன மணிச்சத்தம் போட்டது.

வந்துவிட்டது. முழுதும் வந்துவிட்டது. நான் பாலத்தில் நின்று கூவினேன். மீன் ஏற்றிக்கொண்டு போன சின்னப் பட்டா லொறி ஒன்றின் சாரதி என்னைப் பார்த்து அவனும் கூவிவிட்டுப் போனான். கீழே களப்புத் தண்ணீரில் நின்ற நாரைகள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்று அவற்றுக்குத் தெரியாது.

மூச்சு வாங்கி முடிந்த பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"இதுக்குக் கொப்பி ஒண்டும் வேண்டாமோ?"

கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது. ஒரே ஒரு கடதாசி என்றால் அவருக்கு அன்றிரவு நித்திரை வராது. அது கிறுக்கு அல்ல என்று எனக்கு அன்று மதியம் முதல் தெரியும். படித்ததில் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டாவது பிரதி ஒன்று இருக்கத்தான் வேண்டும், வேறொரு இடத்தில், நீ முழுதாக நம்புகிற ஒருவரிடம். அந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

"ஒண்டு," என்றேன். "மெசினிலை இல்லை. கையாலை. நீங்களே எழுதுங்கோ."

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் குறிப்புக் கொப்பியை வைத்து அவர் எழுதினார். நான் காதோடு காதாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் எழுத்து அச்சுப் போல இருக்கும். பன்னிரண்டும் முடிந்ததும் பேனையை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. கீழே ஒரு கோடிழுத்து, 'உண்மைப் பிரதி' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். பழக்கம். போட்ட பிறகு என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். தன் பிரதியைக் கிழித்தெடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

"அதை இஞ்ச தாங்கோ," என்றேன்.

தந்தார். அதை நான் என் கைப்பைக்குள் வைத்தேன். என் கையெழுத்தில் இருந்த அசலை அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"அசலையோ? என்னட்டையோ?"

"ஓம். ஆரும் கேட்டால் அசல் எங்களட்டைத்தான் இருக்கு எண்டு சொல்லுங்கோ."

வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு கையால்தான் மோட்டார் சைக்கிளை ஓட்டினார், மற்றக் கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.